அப்புறம் சொல்லு

மாப்ளே,

இன்று காலை உளுந்து லோடு வந்தது. முதல் மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு, லோடுமேன் முனியசாமி குத்தூசியை என் கையில் கொடுத்தான். அதன் கைப்பிடியில் நீ சுற்றிவைத்த நீல டேப் இன்னும் இருக்கிறது. வெயிலில் பசை இளகி உள்ளங்கையில் ஒட்டியது. 'இரும்பு கையைக் கடிக்குது மாப்ளே' என்று சொல்லிக்கொண்டு, திருத்தங்கல் பஸ் இரண்டை விட்டுவிட்டு ஒரு சாயங்காலம் உட்கார்ந்து சுற்றினாயே, அதே டேப். மூட்டையைக் குத்த எனக்குக் கை வரவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. என் கையெழுத்தெல்லாம் மூட்டைச் சீட்டில்தான். நீ இருந்தபோது உனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. எதிரிலேயே உட்கார்ந்திருந்தாய், எழுத என்ன அவசியம்? எதிரில் இருக்கிறவனிடம் பேசுவதற்கும் அவசியம் இல்லை என்றுதான் அப்போது நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

குத்தூசி என்றால் வெளியாட்களுக்குத் தெரியாது. நடுவில் வாய்க்கால் போல் குழி வெட்டிய ஒரு சாண் இரும்பு. சாக்கைக் கிழிக்காமல் உள்ளே போய், உள்ளங்கை அளவு பயற்றை வெளியே கொண்டுவந்து காட்டும். அதைப் பார்த்து மொத்த லோடையும் எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வோம். நான் ஒரு குத்துக்காரன். மூட்டையின் மேல்பக்கம் ஒரு குத்து, ஒரு முகர்வு, பல்லில் வைத்து ஒரு கடி, முடிந்தது. நீ அப்படி இல்லை. மேலே ஒன்று, நடுவில் ஒன்று. அப்புறம் மூட்டையைப் புரட்டிப்போடச் சொல்லி அடிமூலையில் ஒன்று. முனியசாமி தலையில் அடித்துக்கொள்வான். நானும் விடமாட்டேன்.

"ஏலே, மூட்டையைப் பாக்கியா, இல்ல அதுக்கு ஆப்ரேசன் பண்ணுதியா?"

"மேல நல்லதைப் போட்டு அடியில புழுவைக் கட்டுறவன் இருக்கான் மாப்ளே. நீ சிரி. வண்டியில ஏத்துன பெறகு அழுவ, பாரு."

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் நாம். நான் படிப்பை விட்டு மண்டியில் மூட்டை தூக்கப் போனேன். நீ படித்து முடித்து, திருத்தங்கலில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் அச்சகத்தில் மெஷின்மேன் ஆனாய். நான் சொந்தக் கடை போட்ட சில வருஷத்தில் உனக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. அச்சில் சிவப்பு ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம் நகர்ந்து, லேபிளில் இருக்கிற மயிலுக்கு இரண்டு கழுத்து வந்ததாம். அந்த மயிலைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாய். "ரெண்டு கழுத்து மயிலு மாப்ளே. எங்க கம்பெனியைத் தவிர உலகத்துல எங்கயும் கிடைக்காது. அதான் என்னைய வேலையை விட்டு அனுப்பிட்டாக" என்று சிரித்தாய். அன்றிலிருந்து என் கடையில் இருந்தாய். சம்பளக்காரனாக இல்லை, கூட்டாளியாகவும் இல்லை. இருந்தாய், அவ்வளவுதான். நீ வந்த பிறகு ஒரு லோடில்கூட நான் ஏமாந்துபோகவில்லை என்பதை உன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

கதை சொல்வதில் உன்னை அடிக்க ஆள் கிடையாது. பஸ்ஸில் பார்த்த சண்டை, சர்ச்சில் தூங்கினவர், ஆடிட்டருக்கு வந்த விக்கல், எதுவானாலும் சரி. சொல்லிக்கொண்டே வந்து சரியான இடத்தில் நிறுத்துவாய். டீயை ஒரு வாய் குடிப்பாய். யாராவது ஒருவர் "அப்புறம்?" என்று கேட்டாக வேண்டும். கேட்டால்தான் அடுத்தது வரும். ஒருநாள் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. விக்கலோடு இருந்த ஆடிட்டரை அப்படியே நடுரோட்டில் விட்டுவிட்டு நீ எழுந்து போய்விட்டாய். இரண்டு நாள் கழித்து முனியசாமி தாங்கமாட்டாமல் வந்து, "அண்ணே, அந்த ஆடிட்டருக்கு அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டான். "கேக்க ஆள் இல்லாம நான் யாருக்குலே சொல்லணும்?" என்றாய்.

எல்லார் கதையும் சொல்வாய், உன்னைப் பெற்ற அய்யா கதை மட்டும் உன் வாயிலிருந்து வந்ததே இல்லை. ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் வேலை பார்த்தவர் என்று தெரியும். நாம் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அவர் இறந்தார். நீ நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வந்து, சாவு வீட்டுக்கு வந்த மேளக்காரரைப் பற்றிக் கதை சொல்லி எங்களையெல்லாம் சிரிக்க வைத்தாய். அன்றே எனக்கு ஏதோ போலிருந்தது. ஆனாலும் சிரித்தேன்.

குடியைப் பற்றி மழுப்பி எழுதப்போவதில்லை. நீ குடித்தாய். முதலில் சாயங்காலம், பிறகு மத்தியானம், கடைசியில் காலையில் குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலை. நானும் சும்மா இருக்கவில்லை. ஊரில் சொன்னதையெல்லாம் செய்தேன். கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சாமி முன்னால் சத்தியம் வாங்கிக் கயிறு கட்டினேன். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரனுக்குக் கோயில் கயிறா என்று நீ சண்டை போடவில்லை. "கர்த்தர் கோவிச்சுக்கிட்டா நீ பேசிக்கோ மாப்ளே" என்று கையை நீட்டினாய். கயிறு பதினோரு நாள் தாங்கியது. அதற்குப் பிறகு யாரோ கொடுத்தார்கள் என்று ஒரு பொடியை வாங்கி, உனக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்தேன். அதன்மேல் நீ குடித்தாய். முகம் சிவந்து, மூச்சு வாங்கி, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாய்.

உன் மனைவி ரோஸ்லின் நர்ஸ் உடுப்போடு ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்தாள். எனக்குத் தங்கச்சி முறை, என்னை ஒரு சொல் அதட்டாதவள், அன்று கடை வாசலில் நின்று சத்தம் போட்டாள்.

"அண்ணே, என்னத்தைக் கலந்தீக? சொல்லுங்க! ஆளையே கொன்னுருப்பீக. பருப்புக்கு மருந்து அடிக்கிற மாதிரி மனுசனுக்கு அடிப்பீகளா?"

நீ தரையில் படுத்தபடியே சொன்னாய்: "விடு ரோஸ்லினு. சாம்பார் நல்லாத்தான் இருந்துச்சு."

அந்தப் புதிய வைத்தியத்தைப் பற்றிப் பேச்சை எடுத்தவளும் அவள்தான். ஆப்ரேஷன் தியேட்டரில் வேலை பார்ப்பவள் ஆயிற்றே. ஒருநாள் கடைக்கு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னாள். "கெட்டமைன்னு ஒரு மருந்து அண்ணே. தியேட்டர்ல மயக்கத்துக்குக் குடுக்கிறதுதான். அதையே கொஞ்சமா ஏத்தி, குடியை விடுறதுக்கும் பாக்குறாகளாம். மதுரையில ஒரு மனநல டாக்டர் செய்றாரு."

"போதையை விடப் போதை ஊசியாம்மா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். நேர்ல வாங்க, சொல்றேன்னாரு."

மூன்று பேரும் போனோம். அந்த டாக்டர் சரக்கைப் புகழ்கிற ஆள் இல்லை. அதனாலேயே அவரை நம்பினேன். எல்லாருக்கும் கேட்கும் என்று சொல்லமாட்டேன், இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்றார். முதலில் வார்டில் தங்கி, குடி உடம்பை விட்டு இறங்க வேண்டும், இதயமும் ரத்த அழுத்தமும் சரியாக இருக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்கு வெளியே இந்த மருந்தைத் தொடவே கூடாது, இதற்கே அடிமையானவர்களும் உண்டு என்றார். வாரம் ஒருமுறை என்று நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் மறுநாள் காலையில் ஆலோசகரோடு ஒரு மணி நேரப் பேச்சு. அதை மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

"நீங்க கரிசக்காட்டுப் பக்கத்து ஆள்தானே? உங்களுக்குப் புரியும். இந்த மருந்து இறுகிப்போன மண்ணுல ஒரு மழை மாதிரி. ஈரம் காயறதுக்குள்ள உழுதுடணும். அந்தப் பேச்சுதான் உழவு. வெறும் மழையால வெள்ளாமை வராது."

தலையாட்டினேன். புரிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் என் புத்தி வியாபாரப் புத்தி. மூட்டையை எடை போட்டால் சாக்கின் எடையைக் கழித்துவிட்டுத்தானே உள்ளே இருக்கும் சரக்கைச் சொல்வோம்? ஊசி சரக்கு, பேச்சு சாக்கு என்று மனதுக்குள் கழித்து வைத்துக்கொண்டேன். சொல்லிக் கழிக்கவில்லை. அதுபாட்டுக்குக் கழிந்துவிட்டது.

முதல் தடவை நான்தான் உன் பக்கத்தில் இருந்தேன். சாய்வான கட்டில், கையில் பிரஷர் பார்க்கும் பட்டை, விரலில் ஒரு கிளிப். சொட்டுச் சொட்டாக நாற்பது நிமிஷம் ஏறியது. உன் கண் பாதி திறந்திருந்தது, ஆனால் நீ அங்கே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. தெளிந்ததும் முதல் வார்த்தையாக, "மாப்ளே, நான் ஒரு உளுந்தா இருந்தேன். சாக்குக்குள்ள. வெளியில நீ குத்தூசியை வச்சுக்கிட்டு நிக்கிற" என்றாய். நர்ஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மறுநாள் பேச்சுக்கும் போனாய். வெளியே வரும்போது உன் கண் சிவந்திருந்தது. முகம் கழுவிவிட்டு வந்து, "சாப்பிடப் போவமா?" என்றாய். மூன்று இட்லி சாப்பிட்டாய். நீ முழுதாக மூன்று இட்லி சாப்பிட்டதைப் பார்த்து எத்தனை காலம் ஆகியிருந்தது!

அந்த வாரம் டாஸ்மாக் இருக்கும் தெருவைத் தாண்டி நடந்தே கடைக்கு வந்தாய். "தாண்டி வந்த பெறகுதான் மாப்ளே ஞாபகமே வந்துச்சு, இங்கன ஒரு கடை இருக்குல்லன்னு" என்றாய். கை நிதானப்பட்டிருந்தது. ரோஸ்லின் கர்த்தருக்கு நன்றி சொன்னாள். நான், மேல்பக்கம் ஒரு குத்துக் குத்தி எடுத்துப் பார்த்தேன். சரக்கு நன்றாக இருந்தது. மொத்த லோடும் நன்றாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினேன்.

இரண்டாவது தடவை போனபோது தீபாவளிச் சீசன் தொடங்கிவிட்டது. முறுக்குக்கும் பலகாரத்துக்கும் உளுந்து, கடலைப்பருப்பு என்று ஊர் ஊராக ஆர்டர். உனக்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே நான் நாலைந்து முறை வராண்டாவுக்குப் போய்ப் போன் பேசினேன். நீ கண் திறந்தபோது நான் பக்கத்தில் இல்லை. நர்ஸ் வந்து சொல்லித்தான் உள்ளே வந்தேன். உன் கன்னமெல்லாம் ஈரம். என்ன என்று கேட்கவில்லை. மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் பேச்சுக்காக அன்று மதுரையில் தங்க வேண்டும். அந்த ஆலோசகப் பெண்ணிடம் போய், "அடுத்த வாரம் சேத்துப் பேசிக்கிடலாம்மா, ஊசிதான் போட்டாச்சே" என்றேன். அவள் கெஞ்சாத குறை. "சார், இன்னிக்கு அவருக்கு ஏதோ வந்திருக்கு. நாளைக்கே பேசினா நல்லது." வருகிறோம், வருகிறோம் என்று சொல்லி உன்னை வண்டியில் ஏற்றிவிட்டேன். நீயும் ஏறி உட்கார்ந்தாய். உன் விஷயத்தில் முடிவெடுப்பவன் நான் என்று எப்படியோ ஆகிவிட்டிருந்தது.

திருமங்கலம் தாண்டியிருக்கும். டிரைவர் பாட்டை நிறுத்தியிருந்தான். நீ ஜன்னலைப் பார்த்தபடி, கதை சொல்கிற குரலில் இல்லாமல் வேறொரு குரலில் ஆரம்பித்தாய்.

"மாப்ளே. அங்கன எங்க அய்யா நின்னாரு."

நிறுத்தினாய்.

எனக்குத் தெரியும் அந்த நிறுத்தம். இத்தனை வருஷம் கேட்டவன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து மூடிக் கிடந்த ஒரு மூட்டையின் அடிமூலையை நீயே புரட்டிக் காட்டிவிட்டு, என் முகத்தைப் பார்த்தாய். ஒரே ஒரு சொல்தான் தேவைப்பட்டது. அந்த நேரம் போன் அடித்தது. சாத்தூர் பக்கத்தில் லாரி நிற்கிறது, எந்தக் குடோனில் இறக்க என்று கேட்டார்கள். போனைக் காதில் வைத்துக்கொண்டு உன் முழங்காலைத் தட்டிச் சொன்னேன்:

"அப்புறம் சொல்லு மாப்ளே."

அதே சொல்தான். 'அப்புறம்?' என்று கேட்டு நிறுத்தியிருந்தால் நீ சொல்லியிருப்பாய். நான் நிறுத்தாமல் சேர்த்துச் சொல்லிவிட்டேன். வியாபாரி போனை வைக்கும்போது சொல்கிற 'அப்புறம்' அது. நீ தலையாட்டினாய். விருதுநகர் வரும் வரைக்கும் பனைகளையே பார்த்துக்கொண்டு வந்தாய். இறங்கும்போது, "வாறேன் அண்ணாச்சி" என்றாய். ஊரே என்னை அண்ணாச்சி என்று கூப்பிடும், நீ கூப்பிடமாட்டாய். மனசு நொந்தால் மட்டும் கூப்பிடுவாய். அது காதில் விழுந்தது. போன் மறுபடி அடித்தது.

மூன்றாவது தடவைக்கு நாம் போகவில்லை. சீசன் முடியட்டும் என்றேன். ஆள் நன்றாகத்தானே இருக்கிறான் என்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள். தீபாவளி கழித்து வருகிறோம் என்றேன். நீயும் சரி என்றாய். கதை சொல்வதை நிறுத்திவிட்டாய் என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. ஒருநாள் முனியசாமிதான், "அண்ணாச்சி, அண்ணன் இப்ப ரெண்டு குத்தோட நிறுத்திக்கிடுறாரு. அடியில பாக்குறதில்ல" என்றான். வேலை வேகமாக நடக்கிறது என்று நினைத்தேன்.

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது நீ கடைக்கு வரவில்லை. எங்கே இருப்பாய் என்று எல்லாருக்கும் தெரியும்.

அதன் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. ஈரல் முன்பே பழுதுதான் என்றார்கள். தை பிறக்கும் முன் ரத்தமாக வாந்தி எடுத்தாய். ரோஸ்லின் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில், அவளுக்குத் தெரிந்தவர்கள் கையில் ஆறு நாள் கிடந்தாய். உன் வாயில் குழாய் வைத்திருந்தார்கள். நான் போனை வெளியே முனியசாமியிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். உன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"மாப்ளே, அங்கன ஒங்க அய்யா நின்னாரு. அப்புறம்?"

நீ கண்ணைத் திறந்தாய். புருவம் கொஞ்சம் மேலே போனது. கதையில் நல்ல இடம் வரும்போது போகுமே, அப்படி. உதடு குழாயைச் சுற்றி அசைந்தது. அவ்வளவுதான். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். நர்ஸ் வந்து, "அவரால பேச முடியாது சார்" என்றாள்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அந்த டாக்டரைப் போய்ப் பார்த்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் திட்டவில்லை. "நாலும் முழுசா முடிச்சிருந்தாலும் உறுதி சொல்ல முடியாது சார். சிலருக்குக் கேட்காது. கேட்டவங்களும் திரும்ப விழுறது உண்டு" என்றார். இருக்கலாம். அந்த மருந்து நல்லதா கெட்டதா என்று சொல்ல நான் யார்? ஒரு வாரம் நீ மூன்று இட்லி சாப்பிட்டாய். அதை என் கண்ணால் பார்த்தேன். மழை பெய்தது உண்மை. உழவுக்கு விடாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவன் நான் என்பதும் உண்மை. உன் அய்யா அங்கே நின்று என்ன சொன்னார், அழுதாரா, அடித்தாரா, உன்னைக் கூப்பிட்டாரா, எனக்குத் தெரியாது. இனிமேல் தெரியப்போவதும் இல்லை. அந்த மூட்டை அப்படியே குழிக்குள் போய்விட்டது.

இப்போது கடையில் மூன்று குத்துதான். மூட்டையைப் புரட்டச் சொன்னால் முனியசாமி முணுமுணுக்காமல் புரட்டுகிறான்.

இன்று இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ரோஸ்லின் வந்தாள். மாதம் ஒருமுறை இட்லிக்கு உளுந்து வாங்க வருவாள். எப்போதும் நின்றபடியே வாங்கிக்கொண்டு டியூட்டிக்கு ஓடுவாள். இன்று நீ உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தாள். முனியசாமி டீ வாங்கிவரப் போனான். குத்தூசி மேஜைமேல் கிடந்தது. அந்த நீல டேப்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அண்ணே, அந்த ரெண்டாவது ஊசிக்கு நானும் வந்திருக்கணும். லீவு கேட்டா குடுத்திருப்பாக. நான் கேக்கல."

நிறுத்தினாள்.

இத்தனை நாள் நான் ஒருவன்தான் இதைச் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேனே மாப்ளே. அவளும் ஒன்று வைத்திருக்கிறாள், என்னிடம் சொல்ல இத்தனை மாதம் வந்து வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறாள். 'அதெல்லாம் விடும்மா' என்று வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அவள் சட்டென்று எழுந்து பையை எடுத்தாள். "பேசுங்கண்ணே, நான் வாறேன்" என்றாள்.

போனைக் கவிழ்த்து வைத்தேன். அது அடித்து அடித்து நின்றது.

"உக்காரும்மா" என்றேன். அவள் உட்கார்ந்தாள்.

"அப்புறம்?"